உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது

ஞாயிறு ஞாயிறாக வீடு பார்க்கிறோம்.

தண்டையார்பேட்டையில் முதல் வீடு.
மாடியில் ஒரே அறை, சிமெண்ட் ஷீட்டு,
ஜன்னலைத் திறந்தால் டேங்கர் லாரி வரிசை.
எனக்குப் பிடித்திருந்தது.
ஷமீலா குழாயைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.
ரத்தம் சோதிக்கிற லேபில் வேலை,
எதையும் அவ்வளவு லேசில் நம்பமாட்டாள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய்
ரெண்டு பேர் வாயிலும் தயாராக இருந்தது:
அக்கா தங்கச்சி.
வீட்டுக்காரம்மா அதைக் கேட்கவே இல்லை.
"நீங்க என்னா ஆளுங்க?" என்றாள்.

அக்கா தங்கச்சி என்றால் ஒரே சாமி வேண்டும்.
எப்சிபாவுக்கு அக்கா ஷமீலா என்று
எந்தத் தகப்பன் பேர் வைப்பான்?

மண்ணடியில் அவளுக்குத் தருகிறேன் என்றார் ஒருவர்.
நல்ல மனிதர், ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.
"நம்ம புள்ள, வாடகையப் பத்திக் கவலைப்படாத.
கூட வர்ற பொண்ணு யாரு?"

ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்தெரு.
"எந்த சபை?"
சொன்னேன். முகம் மலர்ந்தது.
"வீடு எங்க?"
வியாசர்பாடி.
"வியாசர்பாடில எங்க?"
அந்த ரெண்டாவது 'எங்க'வில்தான் எல்லாமே இருக்கிறது.
வேதம் ஒன்று, சபை ஒன்று,
மறுநாள் போனை மட்டும் எடுக்கவில்லை.

எங்கள் ரெண்டு வீட்டிலும் மாட்டுக்கறி உண்டு.
ஊர் பார்த்து எங்களுக்கு வைத்த ஒரே பொருத்தம்.
அதனாலேயே போனது மூன்று வீடு.

மணலியில் எனக்கு டேலி வேலை.
கண்டெய்னர் வரும். எண், சீல், நேரம் எழுதுவேன்.
சரக்குக் காகிதத்தில் எப்போதும் ஒரு வரி இருக்கும்:
உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது.
இருக்கிறது என்று கப்பல் கம்பெனி சத்தியம் செய்யாது.
சீல் உடையாமல் இருந்தால் போதும், வண்டி போகலாம்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஷமீலாவிடம் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"எங்க வீட்ல நான்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை தெற்கே போனோம்.
திருவான்மியூர் பக்கம், குளிர்ந்த அறை,
எங்களைப் போன்றவர்கள் கூடுகிற இடம்.
"உங்கள எப்படிக் கூப்பிடணும்?" என்றார்கள்.
பிறந்ததிலிருந்து யாரும் கேட்டதில்லை.
எப்சி என்பதற்குள் எனக்குக் குரல் கம்மிவிட்டது.
அடுத்து, எங்கிருந்து வருகிறோம் என்றார்கள்.
சொன்னதும் ஒரு பையன், நல்லவன்தான்,
"அங்கல்லாம் இப்படி இருக்க முடியுமா?" என்றான்.
என்னவோ நாங்கள்
அங்கே இல்லாமலிருந்தது போல.
இன்னொருத்தி முக்காட்டைப் பார்த்து அன்பாக,
"இங்க நீங்க அத எடுத்துடலாம்."

ஷமீலா பின்னைக் கழற்றி
இன்னும் இறுக்கிக் குத்திக்கொண்டாள்.
ரயில் கடற்கரை ஸ்டேஷன் வரும்வரை பேசவில்லை.
இறங்கும்போது சொன்னாள்:
"எனக்குத் தோணுறப்ப எடுப்பேன்.
எவளோ சொல்றப்ப இல்ல."

நான் மட்டும் சுத்தமா?
போன ரமலானில், முதல் நோன்பன்று,
"இதுக்கப்புறமுமா?" என்று கேட்டவள் நான்தான்.
மூன்று நாள் என் போனை எடுக்கவில்லை.
அவளும் ஒரு சண்டையில்
"உங்க ஏரியா புத்தி" என்றிருக்கிறாள்.
அந்த ரெண்டு வார்த்தையும்
இன்னும் எங்களோடு வீடு பார்க்க வருகின்றன.

இன்று எர்ணாவூர். எட்டாவது வீடு.
ஜன்னல் விளிம்பில் விரல் வைத்தால் சாம்பல்.
வீட்டுக்காரிக்கு எங்கள் வயதுதான் இருக்கும்,
இடுப்பில் ஒரு குழந்தை, காலடியில் ஒன்று.
"மோட்டார் கெடையாது. லாரி அஞ்சு மணிக்கு.
லேட்டா வந்தா சண்ட போட்டுத்தான் புடிக்கணும்,
சண்ட போடுவீங்களா?"
போடுவோம் என்றாள் ஷமீலா.

வேறெதுவும் கேட்கவில்லை.
சொல்லாத பொய் வாயில் ஊறிக்கொண்டிருந்தது,
துப்பவும் இடமில்லை, விழுங்கவும் தெரியவில்லை.

குழந்தையை இறக்கிவிட்டு நோட்டை எடுத்தாள்.
"அட்வான்ஸ யாரு பேர்ல எழுத?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்
மற்றவள் பேரைச் சொன்னோம்.

பேனா நின்றது.
அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.